மூன்றாவது ஆளுக்கு ஒரு நகல்

பிப்ரவரி 3

வக்கீலம்மா,

இந்த வாரம் உன் போனுக்கு ஆறு முறை அடித்துவிட்டேன். ஏழாவது முறையும் அடித்தால் எனக்கே என்மேல் மரியாதை இருக்காது. அதனால் பேப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

திங்கட்கிழமை உங்கள் தகவல் தொடர்புத் துறையிலிருந்து எங்கள் கம்பெனிக்குப் பதிவுத் தபால் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கியவள் டீச்சர். பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு எங்களிடம் வந்து, ஆய்வுக்கூடக்காரர்களின் புகார்களைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருப்பவள். படித்துவிட்டு என் மேஜைக்கு வந்தாள். "அக்கா, இது எனக்குப் புரியலையா, இல்ல நான் புரிஞ்சிக்கிட்டது தப்பா?"

அவள் புரிந்துகொண்டது சரிதான். பூட்டிய செய்திகளைக் கொண்டுபோகும் எந்த நிறுவனமும், அரசு கேட்டால் அவற்றைத் திறந்து படிக்க ஒரு வழி வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் உரிமம் ரத்து. இப்போதைக்கு இது வரைவு விதி, ஆட்சேபம் இருந்தால் ஏப்ரலில் குழுவின் முன்னால் வந்து சொல்லலாம் என்று போட்டிருக்கிறது.

நான்காவது பத்தியில் "எந்தச் சூழ்நிலையிலும், எவ்வகைக் காரணம் கூறியும்" என்று ஒரு வரி. எங்கள் ஆபீஸ் வாடகை ஒப்பந்தத்தை நீ எழுதிக் கொடுத்தாயே, அதிலும் இதே வரி இருக்கிறது. அலமாரியிலிருந்து எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். உன் கை எனக்குத் தெரியாதா?

எங்கள் வேலை உனக்குத் தெரியும். பல் டாக்டர் கிளினிக்குக்கு மேலே இரண்டு அறை, பதினோரு பேர். ஆய்வுக்கூடத்திலிருந்து டாக்டருக்கும், டாக்டரிடமிருந்து நோயாளிக்கும் ரிப்போர்ட் போகிறது. பூட்டுவது ஒரு போன், திறப்பது இன்னொரு போன். நடுவில் இருக்கிற நாங்கள் தபால்காரர்கள். உறையைப் பிரிக்கும் வசதி எங்களிடம் இல்லை. இருக்கவே கூடாது என்று உன் அண்ணன் அப்படிச் செய்துவிட்டுப் போனார்.

அவர் போய் நாலு வருஷமாகிறது. என்மேல் உனக்கு என்ன கோபம் என்பதும் எனக்குத் தெரியும். அதை என்மேல் காட்டு. இந்தப் பதினோரு பேர்மேல் காட்டாதே.

அண்ணி

*

பிப்ரவரி 12

அண்ணிக்கு,

நான் போனை எடுக்காததற்குக் காரணம் கோபம் இல்லை. எழுதியபிறகு பார்த்தால் இந்த வரி முழுக்க உண்மையாகத் தெரியவில்லை. பாதி கோபம், பாதி விதி.

விதி இதுதான். வரைவு எழுதும் வேலை என்னிடம் வந்த அன்றே, என் அண்ணன் மனைவி இந்தத் தொழிலில் இருக்கிறார் என்று எங்கள் இயக்குநரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர் யோசித்துவிட்டு, "போன்ல பேசாதீங்க. எழுதணும்னா எழுதுங்க. ஆனா போறது, வர்றது ரெண்டுக்கும் ஒரு நகல் என் மேஜைக்கு வரணும்" என்றார். உங்கள் கடிதம் அவர் கோப்பில் இருக்கிறது. இதுவும் போகும்.

நான்காவது பத்தி என்னுடையதுதான். ஏன் எழுதினேன் என்று சொல்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் பதினான்கு வயதுப் பெண் ஒருத்தியைக் கடத்திப்போய் ஆறு நாள் அடைத்துவைத்திருந்தார்கள். அவளுடைய அம்மா எங்கள் துறையின் நடைவழியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் அடையாள அட்டை தொங்கினால் போதும், போகிறவர்கள் எல்லாரையும் பார்த்து "ஏதாவது தெரிஞ்சுதாங்க?" என்று கேட்பாள். என்னையும் கேட்டாள். கடத்தியவர்கள் பூட்டிய செய்தியில் பேசிக்கொள்கிறார்கள், படிக்க முடியவில்லை என்று எங்கள் அறிக்கை சொன்னது. பெண் உயிரோடு கிடைத்தாள். ஆனால் அந்த ஆறு நாளை அவளிடமிருந்து யாரால் எடுத்துவிட முடியும்? அந்தத் தாயின் முகத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் எழுதினேன். அதற்காக நான் வருத்தப்படவில்லை.

இன்னொன்று. இயக்குநர் படித்தாலும் பரவாயில்லை. மீட்டர் கம்பெனியில் அண்ணனுக்குக் கௌரவமான வேலை இருந்தது. நீங்கள் சொல்லித்தான் அதை விட்டான். ஐந்து வருடம் இரண்டு ஆள் வேலையை ஒரு ஆளாகப் பார்த்தான், போய்ச் சேர்ந்தான். கோபம் என்னவென்று தெரியும் என்கிறீர்கள். தெரிந்தும் ஒரு நாளாவது பதில் சொன்னீர்களா?

உங்கள் நாத்தனார்

*

பிப்ரவரி 20

வக்கீலம்மா,

முதலில், இதைப் படித்துக்கொண்டிருக்கும் இயக்குநர் ஐயாவுக்கு வணக்கம். என் கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஒரு வரிக்கு அப்புறம் அரை மணி நேரம் பேனா நகரவில்லை. ஐயா நல்லவராகத்தான் இருப்பார். ஆனாலும் கதவைத் தாழ் போடாமல் உடை மாற்றுவதுபோல் இருக்கிறது.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். எல்லைக்கு அந்தப் பக்கம் முப்பத்தெட்டு ஆய்வுக்கூடங்கள் வைத்திருக்கும் ஆஸ்பத்திரி ஒன்று எங்களிடமிருந்து விலகிவிட்டது. கடிதம் மரியாதையாகத்தான் இருந்தது. "உங்கள்மேல் ஒரு குறையும் இல்லை. உங்கள் அரசு படிக்கக்கூடிய வழியில் எங்கள் நோயாளிகளின் விவரத்தை அனுப்ப எங்கள் சட்டம் இடம் கொடுக்காது." விதி இன்னும் வரவே இல்லை, வரப்போகிறது என்ற பேச்சுக்கே இந்த நிலை. ஒல்லிக்கு, அதுதான் எங்கள் தலைமைப் புரோகிராமருக்கு, வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "மேடம், நான் இருக்கணும்னு நீங்க சொன்னா இருக்கேன்" என்றான். குழந்தை பிறந்து நாலு மாசம் ஆனவனிடம் நான் எப்படிச் சொல்வேன்? போகச் சொன்னேன். அவனோடு இன்னும் இரண்டு பேரும் போய்விட்டார்கள்.

ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் சின்ன ஆய்வுக்கூடம் நடத்தும் அம்மா நேரிலேயே வந்தார். "ரிப்போர்ட்டை இனிமே கவர்மென்ட் பார்க்குமான்னு கேக்குறாங்க. நான் என்ன சொல்லட்டும்?" வெளியே சொல்லக் கூச்சப்படும் வியாதிகளுக்கான பரிசோதனைக்கு இப்போது யாருமே வருவதில்லையாம். வியாதி போய்விட்டது என்றா அர்த்தம்? ஆட்கள்தான் வரவில்லை.

நல்லவர் கைக்கு மட்டும் திறக்கிற ஒரு சாவியைச் செய்யச் சொல்கிறாய். அப்படி ஒன்று கிடையாது. உன் துறைக்குத் திறப்பது, உன் துறையிலிருந்து கோபித்துக்கொண்டு வெளியேறுகிற ஆளுக்கும் திறக்கும். அவனிடமிருந்து வாங்குகிறவனுக்கும் திறக்கும்.

ஆனால் எங்களிடம் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. கணக்கு யார் பெயரில், எந்த நேரத்தில், எங்கிருந்து இணைந்தார்கள் என்பதெல்லாம் இருக்கிறது. நீதிமன்ற உத்தரவோடு வந்தால் ஒரு மணி நேரத்தில் கொடுப்போம். இத்தனை வருஷத்தில் யாரும் வந்து கேட்டதே இல்லை.

உன் அண்ணன் விஷயத்துக்கு என்னிடம் பதில் இருக்கிறது. ஆனால் மூன்றாவது ஆள் படிக்கிற கடிதத்தில் அதை எழுத மாட்டேன். ஐயா மன்னிக்க வேண்டும்.

அண்ணி

*

மார்ச் 6

அண்ணிக்கு,

"யாரும் வந்து கேட்டதே இல்லை" என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரி என்னை ஒரு வாரம் சாப்பிடவிடவில்லை. அந்தப் பெண்ணின் கோப்பை எடுத்து முதல் தாளிலிருந்து மறுபடி படித்தேன். அன்றைக்கு அறிக்கையை மட்டும் படித்தேன். அதற்குக் கீழே இருந்த தாள்களைப் படிக்கவில்லை. இப்போது படித்துவிட்டேன். என்ன பார்த்தேன் என்று உங்களிடம் சொல்லக் கூடாது. இயக்குநருக்கு இரண்டு பக்கக் குறிப்பாக எழுதிக் கொடுத்தேன்.

கூடவே இன்னொரு தாளும் கொடுத்தேன், இந்த வரைவிலிருந்து என்னை விடுவிக்கச் சொல்லி. "எழுதினதே நீங்கதானம்மா?" என்றார். "ஆமா சார். அதனாலதான்" என்றேன். என் குறிப்பை எடுத்து மறுபடி முதலிலிருந்து படித்தார். அவரும் அந்த அறிக்கையில் கையெழுத்துப் போட்டவர்.

ஜூனில் பிரிவுத் தலைமை எனக்கு வருவதாக இருந்தது. இனி வராது. இப்போது மூன்றாவது மாடியில், பழைய விதிமுறைகளின் மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கும் பிரிவில் இருக்கிறேன். ஜன்னல் இருக்கிறது, வெளிச்சம் வருகிறது, பக்கத்து மேஜைக்காரர் வாய் திறந்து பேசுவதே இல்லை. ஒரு குறையும் இல்லை.

நான் கிளம்பும்போது நம் கடிதங்களின் நகல்களை ஒரு உறையில் போட்டு என்னிடமே கொடுத்துவிட்டார். "இனிமே எனக்கு இது வேண்டாம். உங்க அண்ணிகிட்ட சொல்லுங்க, கையெழுத்து நல்லாத்தான் இருக்குன்னு."

இந்தக் கடிதத்துக்கு நகல் இல்லை. சொல்லுங்கள் அண்ணி.

நாத்தனார்

*

மார்ச் 15

வக்கீலம்மா,

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் உன் அண்ணனுக்கு மூன்று வாரமாக இருமல் நிற்கவில்லை. அப்போது நான் ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியன் என்று உனக்குத் தெரியும். சளியைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்தது நானேதான். நீலத்துக்கு நடுவில் சிவப்புக் கீற்றுகள். அதற்கு முன்னால் எத்தனையோ பேருடையதைப் பார்த்துப் பழகின கண்தான். ஆனாலும் தகட்டில் இருந்த எண்ணை மூன்று தடவை சரிபார்த்தேன். காசநோய்.

சாயங்காலம் வீட்டுக்குப் போய் நிதானமாகச் சொல்லலாம் என்று இருந்தேன். போய்ப் பார்த்தால் அவர் மதியமே ஆபீஸிலிருந்து வந்துவிட்டிருந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "என் கப்புல பேர் எழுதி ஜன்னல்ல தனியா வெச்சிருக்காங்க. எதுக்குன்னு கேட்டேன். உங்களுக்கே தெரியாதா சார்னு கேக்குறாங்க" என்றார்.

எங்கள் கவுண்ட்டரில் இருந்த பெண், நான் எழுதிவைத்த முடிவைப் போனில் படம் எடுத்து, மீட்டர் கம்பெனியில் வேலை பார்த்த தன் சித்தி பெண்ணுக்கு அனுப்பியிருக்கிறாள். பின்னால் என்னிடம் அழுதாள். "வம்புக்கு இல்லக்கா. அவ ஜாக்கிரதையா இருக்கட்டும்னுதான் அனுப்புனேன்." எனக்கு அவளைத் திட்டவும் வாய் வரவில்லை. எழுதியது என் கை, அதைப் பூட்டிவைக்காமல் மேஜையில் விட்டதும் என் கை.

தனக்கு என்ன வியாதி என்று தெரிந்துகொண்ட கடைசி ஆள் உன் அண்ணன்தான். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. வியாதியைத் தாங்கினார். ஆறு மாசம் மாத்திரை, முழுக்கக் குணமாயிற்று. ஆனால் அந்த ஜன்னலைத் தாண்டி வேலைக்குப் போக அவருக்குக் கால் வரவில்லை. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து இந்தப் பூட்டை எழுத ஆரம்பித்தார். "நாம கம்பெனி நடத்துறவங்கதான், ஆனா நாமளும் படிக்க முடியக் கூடாது" என்பார். நானோ அவரிடம் கம்பெனி என்ற பேச்சையே எடுத்ததில்லை.

இதயம் நின்றது வேலையால் இல்லை என்று டாக்டர் சொன்னார். உங்கள் அப்பாவுக்கும் அதே வயசில்தான் வந்தது.

உன்னிடம் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். "இப்பத்தான் வேலையில சேர்ந்திருக்கா. என்னைப் பார்த்துதான் படிச்சா. அவ என்னைப் பாவம்னு பார்க்கக் கூடாது." அந்த வாக்கை இன்றைக்கு உடைத்திருக்கிறேன். அவர் கோபித்துக்கொள்வார் என்று நான் நினைக்கவில்லை. நீ உன் நாற்காலியை விட்டுவிட்டுக் கேட்டிருக்கிறாய்.

அண்ணி

*

மார்ச் 24

அண்ணி,

நான்கு தாள்களைக் கிழித்துப்போட்ட பிறகு இது.

நான் வேலையில் சேர்ந்த அன்று அண்ணன் வரவில்லை. அந்த ஆறு மாதமும் என் வீட்டுப் பக்கமே வரவில்லை. பெரிய மனுஷனாகிவிட்டான் என்று நினைத்தேன். அப்போது எனக்கு மகள் பிறந்து எட்டு மாதம். குழந்தை இருக்கிற வீடு என்பதால்தான் வரவில்லை என்று இப்போது புரிகிறது. கடைசி வரை அதை என்னிடம் சொல்லாமல், நான் பேசியதை எல்லாம் வாங்கிக்கொண்டு இருந்திருக்கிறான். அவனுக்குப் பிறகு நீங்கள் வாங்கிக்கொண்டீர்கள்.

துக்க வீட்டில் எல்லார் முன்னாலும் உங்களைப் பார்த்து நான் சொன்னது நினைவிருக்கிறது. "உங்க ஆசைக்கு எங்க அண்ணன்தான் கிடைச்சானா?" அதற்கு நீங்கள் என் கையில் தண்ணீர் டம்ளரைக் கொடுத்தீர்கள்.

நன்றி என்று எழுதிப் பார்த்தேன். சின்னதாக இருக்கிறது. இதற்கென்று வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை, அதனால் அதையே எழுதுகிறேன். நன்றி அண்ணி. அவனைப் பார்த்துக்கொண்டதற்கும், எனக்கு அவனைப் பழையபடி விட்டுவைத்ததற்கும், இப்போது சொன்னதற்கும்.

குழுவின் முன்னால் இதைச் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. சொல்லுங்கள் என்றோ வேண்டாம் என்றோ சொல்ல எனக்கு உரிமை இல்லை. நான் அங்கே வர முடியாது. வந்தால் தப்பாகப் பேசுவார்கள்.

உங்கள் வக்கீலம்மா

*

ஏப்ரல் 19

வக்கீலம்மா,

உன்னால் வர முடியவில்லை என்பதால் வரிசையாகச் சொல்கிறேன். நீண்ட அறை, இருபது மைக், ஏசி குளிரில் டீச்சரின் பல் தந்தியடித்தது. குழுவில் ஏழு பேர். எங்களைப்போல வந்தவர்களும் நிறைய. வங்கிக்கு மென்பொருள் செய்கிறவர்கள், வக்கீல்கள், மருந்து ஆராய்ச்சிக் கம்பெனிக்காரர் ஒருவர். அவருடைய புது மருந்தின் விவரம் ஒரு தடவை கசிந்தாலே பத்து வருஷ உழைப்பு போய்விடும் என்றார்.

என் முறை வந்தபோது தலைவர், "மருத்துவச் செய்திகளுக்கு மட்டும் விலக்கு கொடுத்தா உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டார். டீச்சர் மேஜைக்கடியில் என் காலை மிதித்தாள். சரி என்று சொல் என்கிறாளா, வேண்டாம் என்கிறாளா என்று புரியவில்லை. என் எட்டுப் பேரை நினைத்துக்கொண்டேன். சரி என்ற வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. ஆனால் பின் வரிசையில் அந்த மருந்துக்காரர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வேண்டாம் ஐயா. ஒருத்தருக்குன்னு சுவர்ல ஓட்டை போட்டா, சுவர் எல்லாருக்கும் ஒண்ணுதானே" என்றேன். அப்புறம் அந்தக் கப்பைப் பற்றிச் சொன்னேன். யாருடையது என்று சொல்லவில்லை. "ஒரு நோயாளி" என்றேன்.

அதற்கப்புறம்தான் உங்கள் இயக்குநர் எழுந்தார். உன் குறிப்பைப் படித்தார், பேர் சொல்லாமல். அந்தப் பெண் காணாமல்போன மறுநாளே, சந்தேகத்துக்கு ஆளானவனின் போன் எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டுப் போலீஸ் உங்கள் துறைக்கு எழுதியிருக்கிறது. அந்தத் தாள் கையெழுத்துக்காக ஒரு கோப்புத் தட்டில் நாலு நாள் கிடந்திருக்கிறது. நடுவில் விடுமுறை, கையெழுத்துப் போட வேண்டியவர் ஊரில் இல்லை. கையெழுத்து விழுந்த நாற்பது நிமிஷத்தில் இடம் தெரிந்துவிட்டது. செய்தியைப் படிக்க முடியாததால் தாமதம் என்பது பின்னால் எழுதியது. "அந்த அறிக்கையில என் கையெழுத்தும் இருக்கு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அந்த அறையில் அதைச் சொல்ல நெஞ்சுத் துணிவு வேண்டும். ஐயாவுக்கு என் நன்றியைச் சொல். இதை அவர் படிக்கமாட்டார் அல்லவா.

அந்தத் தாயும் வந்திருந்தாள். விதிக்கு ஆதரவாகப் பேசத்தான் அழைத்திருக்கிறார்கள். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பிறகு சொன்னாள். "நாலு நாள் தட்டுல கிடந்துச்சுன்னு இன்னைக்குத்தான் எனக்குத் தெரியுது. சொன்னதுக்கு நன்றி. என் பொண்ணு வந்தப்புறம் யார்கிட்டயும் பேசல. ஒரு டாக்டரம்மாவுக்கு மட்டும் போன்ல எழுதுறா. அது பூட்டினதுன்னு தெரிஞ்சதாலதான் எழுதுறா. அதை நானே படிக்கிறதில்ல. வேற யாரு படிக்கணும்?"

அது எங்கள் கம்பெனி இல்லை, வேறு யாரோ செய்தது. யார் செய்திருந்தாலும் அவர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும்போல இருந்தது.

அண்ணி

*

மே 11

அண்ணிக்கு,

நேற்று அரசிதழில் வந்துவிட்டது. நான்காவது பத்தி இல்லை. அந்த இடத்தில், நீதிமன்ற உத்தரவு வந்தால் கையில் இருக்கும் விவரத்தை நிறுவனங்கள் ஒரு மணி நேரத்தில் கொடுக்க வேண்டும் என்றும், துறையில் விடுமுறை நாளிலும் கையெழுத்துப் போட ஒருவர் இருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் எழுதியிருக்கிறாள். என்னுடையவற்றைவிடச் சின்ன வாக்கியங்கள். இரண்டு வருடம் கழித்து மறுபடி பரிசீலிப்பார்களாம். அப்போது மறுபடி நீங்கள் குளிரில் போய் உட்கார வேண்டியிருக்கும்.

எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரி திரும்பி வராது என்று டீச்சர் சொன்னாள். ஆமாம், அவளுக்குப் போன் செய்தேன். பேசத் தடை இல்லாதபோதும் உங்களுக்கு முதலில் செய்யத் தயக்கமாக இருந்தது. எட்டுப் பேரும் இருக்கிறார்கள், ரயில் நிலையத்து அம்மாவின் கூடத்துக்கு ஆட்கள் மறுபடி வருகிறார்கள் என்றும் சொன்னாள். நான் எழுதிய ஒரு பத்தியால் உங்கள் ஆபீஸில் மூன்று நாற்காலிகள் காலி. அதைத் திருப்பித் தர எனக்கு வழியில்லை. நீங்கள் அதை ஒரு தடவைகூட எழுதிக் காட்டவில்லை என்பதை மட்டும் குறித்து வைத்துக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாயின் வீட்டுக்குப் போனேன். யாரும் அனுப்பவில்லை, நானாகத்தான் போனேன். இரண்டாவது மாடி, மாடிப்படியில் சைக்கிள் ஒன்று சாத்தியிருந்தது. என்னை அடையாளம் தெரியவில்லை அவளுக்கு. அந்த நான்காவது பத்தியை எழுதியவள் நான், அவளை நினைத்து எழுதினேன், கோப்பை முழுக்கப் படிக்காமல் எழுதிவிட்டேன் என்று சொன்னேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்தும் குளறிவிட்டேன்.

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, "தப்பாத்தான் எழுதியிருக்கீங்க. ஆனா அந்த நாற்காலில உக்காந்திருந்தவளை யாரோ ஒருத்தர் ரெண்டு வருஷம் மறக்காம இருந்திருக்கீங்க. எனக்கு அது தெரியாது" என்றாள். டீ போட உள்ளே போனாள்.

இரண்டு கப்போடு திரும்பி வந்து எதிரில் உட்கார்ந்தபோது, மூடியிருந்த பக்கத்து அறைக்குள் சிரிப்புச் சத்தம் கேட்டது. சின்னச் சிரிப்பு, வாயைப் பொத்திக்கொண்டதுபோலப் பாதியில் நின்றது. பிறகு மறுபடி வந்தது. அந்தப் பெண் போனில் யாருக்கோ ஏதோ எழுதிக்கொண்டிருந்திருக்க வேண்டும். அந்தத் தாய் அப்படியே அசையாமல் கதவைப் பார்த்தாள். எழுந்து போய் என்னவென்று கேட்பாள் என்று நினைத்தேன்.

கேட்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, டீயை என் பக்கம் நகர்த்தி, "ஆறிடப் போகுது, குடிங்க" என்று மெதுவாகச் சொன்னாள்.

உங்கள் வக்கீலம்மா